கடனையும் அடைக்கணும், வீட்டையும் நடத்தணும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழு, மைக்ரோ ஃபைனான்ஸ், நகை அடகு, புரோநோட்டு, தண்டல், கைமாத்து என்று நாலைந்து பக்கம் கடன் நிற்கிற வீடுகளுக்காக எழுதியது. கணக்குக்கு ஒரே ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தொகையை மாற்றிப்போட்டால் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

மொத்தக் கடன் எவ்வளவு என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. டப்பாவிலும் பீரோவிலும் கிடக்கிற லோன் கார்டு, நகை ரசீது, குழு பாஸ்புக், சொசைட்டிக் கடன் புத்தகம் எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள். கடனுக்கு ஒரு வரி. யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி, எழுதிய தொகை, கைக்கு வந்த தொகை, இன்னும் நிற்கிற அசல், வட்டி, தவணை நாள், எதை வைத்து வாங்கியது, யார் ஜாமீன். எழுதிய தொகையும் கைக்கு வந்த தொகையும் தனித்தனியாக இருக்க வேண்டும். பல கடனில் வட்டி ஒளிந்திருப்பதே அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு வீடு என்று வையுங்கள். ஒரு ஏக்கர் மானாவாரி, இரண்டு கறவை மாடு, கணவருக்கு ஓசூரில் சென்ட்ரிங் வேலை. மைக்ரோ ஃபைனான்ஸ் இரண்டு, மீதி 28,000-மும் 19,000-மும். தண்டல் மீதி 6,000. மூன்று பவுன் நகை கூட்டுறவுச் சங்கத்தில் 90,000. புரோநோட்டு 40,000, மூணு வட்டி. மளிகைக்கடைப் பாக்கி 4,500. தாய்மாமனிடம் கைமாத்து 15,000. கூட்டினால் 2,02,500.

கடைசி இரண்டையும் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. மாமன் கேட்கமாட்டார், கடைக்காரர் பொறுப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். அவசரம் அவர்களுக்கும் ஒருநாள் வரும், அதுவும் நமக்குத் தவணை இருக்கிற வாரத்தில்தான் வரும்.

மூணு வட்டி, பிளாட் வட்டி, தண்டல். எது அதிகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாவற்றையும் மாத வட்டிக்கு மாற்றிப் பாருங்கள். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36. இது நேரடியாகத் தெரிகிற வட்டி.

தண்டலில் 10,000 எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். "நூத்துக்குப் பதினஞ்சுதானே" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே தேய்ந்துகொண்டு போகிறது. தேய்மானத்தோடு கணக்கிட்டால் நூற்றுக்கு நாளுக்கு ஏறத்தாழ 33 காசு, மாதத்துக்குப் பத்து வட்டி. புரோநோட்டைப்போல மூன்று மடங்கு.

பிளாட் வட்டியும் அப்படியே. 50,000 ரூபாய், 12 சதவீதம் பிளாட், 24 மாதம் என்றால் வட்டி 12,000, மாதத் தவணை 2,583. பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு அசலுக்கே வட்டி ஓடுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல். கடன் கொடுக்க வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா?" இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் குறையாது என்று அர்த்தம்.

எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும்?

மாத வட்டி அதிகமானதை. ஆனால் தேதி தவறினால் பொருளோ சலுகையோ போய்விடும் கடன்களுக்கு மட்டும் விதிவிலக்கு. கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. தாண்டினால் சலுகை போய்விடும். நகைக் கடனுக்கும் ஏலத் தேதி உண்டு. இந்த இரண்டு தேதியையும் நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

நம் உதாரண வீட்டில் தண்டல் 60 நாளில் தானாக முடியும். அதைக் கட்டி முடிப்பதைவிட மறுபடி வாங்காமல் இருப்பதுதான் கஷ்டம். கடன் வாங்கிய எழுபதாம் நாள் வாக்கில், மீதி 3,000 இருக்கும்போது, "மீதியைக் கழிச்சுக்கிட்டுப் புதுசு தரேம்மா" என்பார் தண்டல்காரர். அதை வாங்கினால், ஏற்கெனவே வட்டி பிடித்த அந்த 3,000-க்கு இன்னொரு தடவை வட்டி போகும். தண்டல் முடிந்ததும் தினம் 100 என்று பழகிய கை நிற்க வேண்டாம். தினம் 100 என்றால் மாதம் 3,000, அது மாதாமாதம் புரோநோட்டின் அசலுக்குப் போகட்டும். மூணு வட்டிக்கு மாதம் 1,200 மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பத்து வருடம் ஆனாலும் 40,000 அப்படியே நிற்கும். அசலில் கட்டும்போது புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். "நான் ஞாபகம் வெச்சுக்கறேன்" என்பது ரசீது ஆகாது.

வருமானம் மாதாமாதம் வருவதில்லை. மாதத் தவணையை எப்படிச் சமாளிப்பது?

இந்தப் பக்கத்துக் கடன் சிக்கலில் பாதி இதுதான். சம்பளக்காரருக்கு எழுதிய புத்திமதி இங்கே வேலைக்கு ஆகாது. பால் பணம் வாரத்துக்கோ பத்து நாளுக்கோ வரும். சென்ட்ரிங் கூலி சனிக்கிழமை. பட்டுக்கூடு ஏலத்துக்குப் போனால்தான் பணம். புளி மாசி, பங்குனியில். மாங்காய் சித்திரையிலிருந்து ஆனி, ஆடி வரைக்கும். மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில். தக்காளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ராயக்கோட்டை மண்டியில் விலை வந்தால் வரவு, வராவிட்டால் பறிகூலியும் நஷ்டம்.

பன்னிரண்டு கட்டம் போட்டு மேலே வரவு, கீழே செலவு எழுதுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம், ஆடியில் பண்டிகை, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல். எந்த மாதத்தில் ஓட்டை விழுகிறது என்று அப்போது தெரியும். இந்த மாவட்டங்களில் பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில்தான் விழும். மாங்காய்ப் பணம் முடிந்திருக்கும், ராகி வீட்டுக்கு வந்திருக்காது. புதுத் தண்டல் வாங்குகிற மாதங்களும் அவைதான்.

வாரத் தவணை, மாதத் தவணை எல்லாம் பால், கூலி போன்ற சின்ன வரவுக்குள் அடங்க வேண்டும். மாங்காய், புளிப் பணத்தைத் தவணைக்கு நம்பாதீர்கள். அது அசலைக் குறைக்கவும், புரட்டாசி ஓட்டையை அடைக்கவும். மாங்காய்ப் பணம் வந்த அன்றே இரண்டு தவணைக்கான தொகையை எடுத்துத் தனியாகப் போடுங்கள். குழுச் சேமிப்பிலோ அஞ்சலகக் கணக்கிலோ போடலாம், அரிசி டப்பாவில் வேண்டாம்.

புதுக் கடன் வாங்கும்போதே தவணை நாளைப் பேசிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. பால் பில் 10-ஆம் தேதி வந்தால் தவணை 12-ஆம் தேதி இருக்கட்டும். 5-ஆம் தேதி என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு மாதமும் ஐந்து நாள் கைமாத்து தேட வேண்டிவரும்.

வெளிக்கடனை அடைக்க மகளிர் குழுவில் கடன் வாங்கலாமா?

வட்டி குறைந்தால் வாங்கலாம். புரோநோட்டு 40,000-ஐ எடுத்துக்கொள்வோம். குழு ஒரு வட்டிக்குக் கொடுத்து, மாதம் 2,000 அசல் வீதம் 20 மாதம் என்றால், முதல் மாதம் 2,400, கடைசி மாதம் 2,020. மொத்த வட்டி 4,200. இரண்டு வட்டி என்றாலும் 8,400. அதே 20 மாதம் புரோநோட்டுக்கு வட்டி மட்டும் 24,000 போயிருக்கும், அசல் 40,000 அசையாமல் நிற்கும்.

ஒரு நிபந்தனை. பணம் உங்கள் கைக்கு வந்து இரண்டு நாள் தங்கினால் அதில் ஐந்தாயிரம் கரையும். குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி, உறுப்பினர் இரண்டு பேர் கூட வந்து, பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே புரோநோட்டைத் திரும்ப வாங்கி வரட்டும். சில குழுக்களில் இது வழக்கமாகவே இருக்கிறது. கூச்சமாக இருக்கும். ஆனால் சாட்சி இருக்கிற இடத்தில் கொடுத்தவரும் "இன்னும் ரெண்டு மாச வட்டி நிக்குது" என்று இழுக்கமாட்டார்.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமிக்கும் இந்த முறை தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே இங்கேதான். 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-இல். ஆக, பாட்டி காலத்துக் குழுவின் பழைய பதிவேடு சில ஊர்களில் இன்னும் இருக்கும்.

குழுவில் எங்கே தப்பு நடக்கிறது?

வங்கிக் கடன் வந்ததும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு போடுவதில். தேவை இல்லாதவர் வாங்கி, தேவை இருப்பவருக்கு இரண்டு வட்டி ஏற்றிக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் ஓடிவிட்டால் பேர் இருப்பவர் கட்ட வேண்டும். கடன் தேவைக்கேற்ப, கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசி, எழுதிக் கொடுக்கப்பட வேண்டும்.

அடுத்தது நோட்டு. ஊக்குநரோ பிரதிநிதியோ மட்டும் எழுதி, அவரே வங்கிக்கும் போய், அவரே வரவும் வைத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் கணக்கு உதைக்கும். மாதத்துக்கு ஒருமுறை வங்கி பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, கூட்டத்தில் வேறொருவர் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். உறுப்பினர் பாஸ்புக்கில் அன்றைய வரவை அன்றைக்கே போட வேண்டும்.

குழுக்களுக்கு 10 லட்சம் வரை வங்கிக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சேமிப்பை டெபாசிட்டாகப் பிடித்து வைக்கவும் கூடாது. கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மைக்ரோ ஃபைனான்ஸ் சென்டரில் (கடன் வாங்கியவர்கள் கூடித் தவணை கட்டும் இடத்தில்) ஒருவர் கட்டவில்லை. மற்றவர்களைச் சாயங்காலம் வரை உட்கார வைக்கிறார்கள். சரியா?

சரியில்லை. கூட்டுப் பொறுப்பு என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தொகையைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பிடித்து உட்கார வைக்க உரிமை இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, தகாத வார்த்தை கூடாது, சொந்தக்காரரையும் அக்கம்பக்கத்தாரையும் இழுக்கக் கூடாது. வசூல், இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவை வராமல் போனால்தான் அவர்கள் வீட்டுக்கு வரலாம்.

அதே விதியில் இன்னும் மூன்று விஷயம் பயன்படும். முன்கூட்டியே முழுசாகக் கட்டினால் அபராதம் கிடையாது. தாமத அபராதம் தவறிய தவணைக்கு மட்டும், மொத்தக் கடனுக்கு அல்ல. வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 18,000 வருகிற வீட்டுக்கு 9,000. நடைமுறையில் கடன் கொடுக்க வருகிறவர் வருமானத்தைக் கூட்டி எழுதி அந்தப் பாதியைப் பெரிதாக்கிவிடுவார். நீங்களும் தலையாட்டினால், கட்டப்போவது நீங்கள்தான்.

ஆனால் சென்டரில் கட்டாமல் போனவரைத் திட்டித் தீர்ப்பதற்கு முன், அவர் வீட்டில் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாடு செத்திருக்கலாம், கணவர் சாரத்திலிருந்து விழுந்திருக்கலாம். ஒரு தவணை மட்டும்தான் பிரச்சினை என்றால் மற்றவர்கள் பகிர்ந்து கட்டி, நோட்டில் எழுதி, அவர் வாரம் இவ்வளவு என்று திருப்பலாம். மூன்று தவணை ஆகிவிட்டால் பகிராதீர்கள். கிளை மேலாளரிடம் தவணையைக் குறைத்து நாளை நீட்டச் சொல்லி எழுத்தில் கேட்பதுதான் வழி. இல்லாவிட்டால் ஒருவரோடு எல்லோரும் முழுகுவீர்கள்.

வட்டிக்காரர் மிரட்டுகிறார். யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் பேர் சொல்லியே அதில் வருகின்றன. 3 ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். வட்டிக்காரர் வாங்க மறுத்தால் உரிய தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிடவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது.

முதலில் ஆதாரம் சேருங்கள். வாட்ஸ்அப் செய்தி, போன் பதிவு, ஜிபே அனுப்பிய பட்டியல், வந்த தேதி, நேரம், சாட்சி. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனு ரசீது வாங்காமல் வராதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார், எண் 15100. வங்கி, மைக்ரோ ஃபைனான்ஸ் என்றால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், உதவி எண் 14448.

ஏடிஎம் கார்டை வாங்கி வைத்திருக்கிறார்களா? வங்கிக்குப் போய் அந்தக் கார்டை முடக்கிப் புதுசு வாங்குங்கள். கடன் கடனாக இருக்கட்டும், உங்கள் கூலி உங்கள் கைக்கு வரட்டும்.

கணவருக்குத் தெரியாமல் (அல்லது மனைவிக்குத் தெரியாமல்) கடன் இருக்கிறது. சொல்வதா?

சொல்லுங்கள், தவணை தவறுவதற்கு முன்பே. வெளியாள் வாசலில் வந்து சொல்லித் தெரிந்துகொள்வதுதான் வீட்டை உடைக்கிறது, தொகை அல்ல. சொல்கிற விதம் ஒன்று உண்டு. தொகையை மட்டும் சொல்லாமல், நோட்டில் எழுதி, எப்படி அடைப்பது என்ற உத்தேசத்தோடு காட்டுங்கள். குடிக்க வாங்கியதா, தங்கச்சி சீருக்கு வாங்கியதா என்ற பஞ்சாயத்தை இன்னொரு நாளைக்கு வையுங்கள். அன்று எழுதி முடிப்பது மட்டும் வேலை. அடி விழும் என்ற பயம் இருக்கிற வீடாக இருந்தால் தனியாகச் சொல்லாதீர்கள். அம்மா வீட்டு ஆளையோ குழுவில் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

கணவர் ஓசூரிலோ பெங்களூருவிலோ தங்கி வேலை செய்தால் சனிக்கிழமை கூலி வாங்கிய உடனே அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு கழிந்தால் அனுப்புகிற தொகை வேறாக இருக்கும்.

அக்கம்பக்கத்தில் உதவி என்றால் பணம்தான் கேட்க வேண்டுமா?

இல்லை. பணத்தைக் கேட்டால் இன்னொரு கடன்தான் சேரும். பணம் செலவாகாமல் செய்கிற உதவிதான் இந்த ஊர்களில் அதிகம் கிடைக்கும், அதைக் கேட்பதுதான் குறைவு.

ராகிக் களை எடுப்பும் அறுவடையும் ஆளுக்கு ஆள் மாற்றிச் செய்தால் ஏக்கருக்கு ஆகும் கூலியில் பெரும் பகுதி மிச்சம். இன்று நாலு பேர் உங்கள் காட்டில், நாலு நாளைக்கு நீங்கள் ஒவ்வொருவர் காட்டிலும் ஒரு நாள். எத்தனை ஆள் வந்தார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், சண்டை வருவது அதில்தான். நூறு நாள் வேலைக்குப் போகும் இரண்டு வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளை பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குப் போனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து ஊற்ற ஒரு வீடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாததால்தான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பால் வருமானமும் நின்றுபோகிறது.

புளியை நாலு வீடு சேர்ந்து சீசனில் மொத்தமாக வாங்குங்கள். சேர்ந்து உட்கார்ந்து கொட்டை, நார் எடுத்து, வெயிலில் ஒருநாள் போட்டு, கல்லுப்புத் தூவி மண்பானையில் அழுத்தி வைத்தால் வருடம் தாங்கும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை. பித்தளை, அலுமினியம் வேண்டாம், புளி அரித்துவிடும். மளிகைக்கடையில் "எழுதிக்கோ" என்று வாங்கும் வீட்டுக்கு விலை கேட்க வாய் வராது. பாக்கி 4,500-ஐ வாரம் 300 வீதம் கட்டிக்கொண்டே, புதுச் சரக்கை காரிமங்கலம், போச்சம்பள்ளி மாதிரி வாரச்சந்தையில் காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் குறைக்காதீர்கள். பிள்ளைகளின் முட்டை, பால். வீட்டில் கறக்கிற பாலை முழுசாகச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுப் பிள்ளைக்கு வரக்காப்பி கொடுப்பது சிக்கனம் இல்லை.

மொய் கடனா, வரவா?

இரண்டும். நமக்கு வந்த மொய் திருப்ப வேண்டிய கடன்தான், வட்டியும் தேதியும் மட்டும் இல்லை. மொய் நோட்டை எடுத்து, இந்த வருடம் யார் வீட்டில் விசேஷம் வருகிறது என்று பார்த்துப் பன்னிரண்டு கட்டத்தில் போடுங்கள். கடன் நெருக்கும் வருடத்தில் வாங்கிய அளவுக்கு மட்டும் திருப்பி, கூட்டி வைப்பதை நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. போகாமல் இருந்துவிட்டால்தான் கோபிப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாளே போய் வெங்காயம் உரித்தவர்களை ஊர் மறக்காது.

நகையை எப்படி மீட்பது?

அடகு வைக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. மூன்று பவுனையும் ஒரே ரசீதில் வைத்தால் 90,000-மும் சேர்ந்தால்தான் ஒரு மோதிரம்கூட வெளியே வரும். செயின், கம்மல், மோதிரம் என்று மூன்று ரசீதாக வைத்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

வருடக் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள். கடைசி நாளில் முழுத் தொகை கட்டி மறுபடி வைக்கச் சொன்னால், "ஒரு நாளைக்கு மட்டும்" என்று பணம் புரட்டிக் கொடுக்கும் ஆட்கள் வாசலிலேயே நிற்பார்கள். ஏலம் போனால் கடன், வட்டி, செலவு போக மீதித் தொகை உங்களுடையது. கேட்டு வாங்குங்கள், கேட்காதவர்கள் நிறைய.

சீட்டுக் கட்டி, எடுத்துக் கடனை அடைக்கலாமா?

பதிவு செய்த சீட்டு என்றால், அதுவும் கடைசிப் பக்கத்தில் எடுத்தால், பரவாயில்லை. முதல் மாதங்களில் தள்ளி எடுப்பது கடன் வாங்குவதுதான். ஒரு லட்சம் சீட்டை 30,000 தள்ளி எடுத்தால் 70,000-க்கு எவ்வளவு வட்டி என்று மேலே சொன்னபடி போட்டுப் பாருங்கள். 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருவில் நோட்டுப் போட்டு நடத்துகிற சீட்டும் தீபாவளிச் சீட்டும் உடைந்தால் கேட்க இடம் இருக்காது.

"உன் பேர்ல எனக்கு லோன் எடுத்துக் கொடு" என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். அந்தக் கடன் உங்களுடையது, பணம் மட்டும் அவருடையது. ஏற்கெனவே அப்படி எடுத்தது நினைவில்லையா? யார் பேரில் என்னென்ன கடன் என்று காட்டும் கிரெடிட் அறிக்கையை, சிபில் போல அதைத் தயாரிக்கிற ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம், உங்கள் ஆதாரில் ஓடுகிற கடன் எல்லாம் தெரியும். வெற்றுப் புரோநோட்டு, தொகை எழுதாத செக், "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று கேட்கிற கிரய அக்ரிமென்ட், பவர் பத்திரம் எதிலும் கையெழுத்து வேண்டாம். இருபதாயிரத்துக்குப் போட்ட கிரய அக்ரிமென்ட்டில் அரை ஏக்கர் போய்விடும்.

ஆஸ்பத்திரிச் செலவுதான் எங்களைக் கவிழ்த்தது.

வருட வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கார்டை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். வருமானச் சான்றுக்கு அலைகிற நாலு நாளில்தான் தண்டலும் அடகும் நடக்கின்றன.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்?

மைக்ரோ ஃபைனான்ஸ், வங்கிக் கடன் பலவற்றில் காப்பீட்டுப் பணத்தை முதலிலேயே பிடித்திருப்பார்கள், சிலவற்றில் கணவருக்கும் சேர்த்து. லோன் கார்டைப் பாருங்கள், இறப்புச் சான்றோடு எழுத்தில் கேளுங்கள். மற்ற கடன்களுக்கு, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. ஜாமீன் போட்டிருந்தால் கதை வேறு. துக்க வீட்டில் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி முடியாது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

இப்போதே 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். 104-உம் உண்டு. இன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள், நம்பிக்கையான ஒரு வீட்டுக்குப் போய்விடுங்கள். வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் புத்தி சொல்ல வேண்டாம். கூடவே உட்காருங்கள், பூச்சிமருந்து டப்பாவை எடுத்து வெளியே வையுங்கள், போன் போட்டுக் கொடுங்கள். தவணைத் தேதியைத் தள்ளிப்போடப் பல வழி இருக்கிறது, மேலே எழுதியிருக்கிறோம்.

கடனை முழுசாக அடைத்துவிட்டோம். வேறென்ன செய்ய வேண்டும்?

காகிதம் வாங்க வேண்டும். வங்கி, மைக்ரோ ஃபைனான்ஸ் என்றால் கடன் முடிந்ததற்கான சான்று. "செட்டில்" என்று எழுதினால் கிரெடிட் அறிக்கையில் பாதிதான் கட்டியதாகப் படும். "க்ளோஸ்" என்று இருக்கிறதா என்று இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பாதுகாப்புக்குக் கொடுத்த செக்குகளை எண்ணி வாங்குங்கள். வண்டிக் கடன் என்றால் படிவம் 35-உம் தடையில்லாச் சான்றும் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்திலிருந்து கடன் பெயரை நீக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வண்டி விற்கும்போது அலைகிறவர்கள் அதிகம்.

புரோநோட்டை அசலாகவே திரும்ப வாங்குங்கள், நகல் போதாது. "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கி, கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள். நிலத்தை அடமானப் பத்திரம் போட்டு வாங்கியிருந்தால் கடன் தீர்ந்த ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவான பிறகு வில்லங்கச் சான்று ஒன்று போட்டு, அந்த ரசீதின் எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அன்றைக்கே அங்கேயே கேளுங்கள். பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது, கடன் கொடுத்தவரும் இருக்கமாட்டார், அவர் எழுதின நோட்டும் இருக்காது.